சட்டைப் பையில் ஒரு கணக்குப்பிள்ளை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அதில் "தேடி" என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். பட்டம் தானாக வந்து வாசல் கதவைத் தட்டாது. நாம்தான் நாள் பார்த்து, விதை சேர்த்து, ஏர் பூட்டி, காத்திருந்து பிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு குடியானவருக்கு நெல் ஒன்று, மானாவாரி ஒன்று என்று இரண்டு பயிர் இருக்கும். சுவரில் தொங்கும் நாள்காட்டியும், வீட்டுப் பெரியவரின் ஞாபகமும் போதுமானதாக இருந்தன.

இன்றைய நிலைமை வேறு. திருவண்ணாமலை மாவட்டம் படவேட்டில் ஒரு சிறு விவசாயியை எடுத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் ஏக்கர் வாழை. கீழண்டைப் பக்கம் அரை ஏக்கர் நெல். கொட்டிலில் இரண்டு கறவை மாடு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன். அத்துடன் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி, சொட்டு நீர் மானியத்துக்கு மனு, பி.எம். கிசான் பணத்துக்கு ஆதார் சரிபார்ப்பு, பெண்ணின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் உண்டு. இவை யாவும் ஒரே தலையில் இருக்க வேண்டும். எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் ஒன்றிரண்டு நழுவத்தான் செய்யும்.

விவசாயத்தில் ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பங்கு தெரியாமையால் வருவது. மற்றொரு பங்கு, தெரிந்தும் நாள் தவறிச் செய்வதால் வருவது. வாழைக்கு எப்போது மேலுரம் இட வேண்டும் என்பது படவேடு விவசாயிகளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இடுவது பெரும்பாலும் மூட்டை கிடைத்த அன்று, அல்லது ஆள் கிடைத்த அன்று. இந்தத் தாமதம் வாழையில் எவ்வளவு பொல்லாதது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு தாரில் எத்தனை சீப்பு என்பது, தார் வெளியே வந்த பிறகு முடிவாகும் காரியம் அன்று. தண்டின் உள்ளே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குலை வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பூங்கருத்து உருவாகிறது. அந்தச் சமயத்தில் மரம் எவ்வளவு ஊட்டமாக இருக்கிறதோ அதற்கேற்பச் சீப்பு அமையும். தார் தள்ளிய பின் எவ்வளவு யூரியா கொட்டினாலும் காய் சற்றுப் பருக்கலாமே தவிர, ஒரு சீப்புகூடக் கூடாது. ஆகவே 3-ஆம் மாத உரம் 5-ஆம் மாதத்துக்குத் தள்ளிப்போனால், அந்த நஷ்டத்தை அந்தப் பயிரில் திரும்ப ஈடு செய்ய வழியில்லை.

இதை எழுதுகிறவனும் இதற்கு விலக்கல்ல. பயிர்க்கடனைத் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவோருக்கு நம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களில் வட்டி இல்லை என்பது எல்லோரும் அறிந்ததே. ஓராண்டு, பணம் கையில் இருந்தது. தேதிதான் நினைவில் இல்லை. ஒன்பது நாள் கழித்துப் போய் நின்றேன். சங்கத்துச் செயலாளர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. தேதி கடந்தால் சலுகை போயிற்று. வட்டியைக் கட்டிவிட்டு, வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்று என் சட்டைப் பையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் செல்போன் இருந்தது. அதில் நான் செய்துகொண்டிருந்தது பேசுவதும், வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கத்தைப் பார்ப்பதும் மட்டுமே.

நெசவாளரிடம் கற்க வேண்டியது

படவேட்டுக்குப் பக்கத்து ஊர் ஆரணி. பட்டு நெசவுக்குப் பெயர் போனது. நம்மில் பலருக்கு அங்கே தறி போட்டிருக்கும் உறவினர்கள் உண்டு. அடுத்த முறை போகும்போது ஜக்கார்டு பெட்டி வைத்த தறியைச் சற்று நின்று கவனியுங்கள். முந்தானையில் அன்னமும் மாங்காயும் கொடியும் வருகின்றன. எந்த இழையை எப்போது தூக்க வேண்டும் என்பதை நெசவாளர் மனப்பாடமாகவா வைத்திருக்கிறார்? இல்லை. துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு மிதிக்கு ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்து இழை எழும்பும், இல்லாத இடத்து இழை கிடக்கும். 1804-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சு நாட்டு லியான் நகரத்து ஜக்கார்டு என்பவர் கொடுத்த அமைப்பு இது. பின்னாளில் கம்ப்யூட்டருக்கு வழிகாட்டியதும் இந்தத் துளை அட்டைதான். நெசவாளர் ஞாபக வேலையை அட்டையிடம் விட்டுவிட்டு, தம் கண்ணையும் கையையும் இழை அறாமல் பார்ப்பதற்கு வைத்துக்கொள்கிறார்.

செல்போனில் உள்ள வேலைப் பட்டியல் செயலிகள் செய்வதும் இதையேதான். பயிரின் ஓராண்டு வேலைகளை ஒரு தடவை அட்டை கோப்பதுபோல் கோத்து வைத்துவிட்டால், அந்தந்த நாளில் அந்தந்த அட்டை தானே முன்னே வந்து நிற்கும். நாம் பயிரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எந்தச் செயலி?

பணம் கட்டி வாங்க வேண்டியதில்லை. அநேகமாக எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் கூகுள் காலண்டர் என்னும் நாள்காட்டி முன்னரே இருக்கும். இல்லாவிட்டால் பிளே ஸ்டோரிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதனுடன் கூகுள் கீப் என்னும் குறிப்புச் செயலி ஒன்றையும் வைத்துக்கொள்ளவும். முன்னது தேதிக்கு, பின்னது பட்டியலுக்கு. இந்த இரண்டிலும் ஒரு முக்கியமான வசதி என்னவென்றால், ஒரு முறை எழுதி வைத்தபின் சிக்னல் இல்லாத இடத்திலும் அவை வேலை செய்யும். மலையடிவாரத் தோட்டங்களில் இது சாதாரண விஷயம் அன்று.

டாஸ்க் பட்டியல்களுக்கென்றே டூடூயிஸ்ட், மைக்ரோசாஃப்ட் டூ டூ, டிரெல்லோ என்று பல செயலிகள் உள்ளன. பட்டணத்து ஆபீசுகளில் அவை பிரபலம். நமக்கு அவ்வளவு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு கம்மலுக்காக நகைக்கடையையே வாங்குவதுபோல் ஆகும். ஆயினும் டிரெல்லோவில் உள்ள ஒரு யோசனையை மட்டும் இரவல் வாங்கலாம். அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு சீட்டு. "செய்ய வேண்டியது", "நடக்கிறது", "முடிந்தது" என்று மூன்று வரிசை. வேலை நகர நகரச் சீட்டும் நகரும். ஜப்பான் நாட்டு டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ என்னும் பொறியாளர் கொண்டுவந்த சீட்டு முறையின் வழி வந்தது இது. நடு வரிசையில் ஏராளமான சீட்டு சேர்ந்துவிட்டால், தொடங்கிய வேலைகளை முடிக்காமல் புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருக்கிறோம் என்று அர்த்தம். களை பாதி, வாய்க்கால் பாதி, வேலி பாதி என்று கிடக்கும் தோட்டத்தை நாம் பார்த்ததில்லையா?

எழுதத் தயக்கமாக இருந்தால் வாயால் சொன்னாலே போதும். தட்டச்சுப் பலகையில் மைக் படம் ஒன்று இருக்கும். மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்துவிட்டு அதை அழுத்தி, "வாழைக்குப் பொட்டாஷ் வாங்கணும்" என்றால் அப்படியே எழுத்தாகும். சிற்சில சமயம் தப்பாக எழுதும். நமக்குப் புரிந்தால் சரி.

ஓர் ஏக்கர் வாழையை எழுதி வைப்பது எப்படி?

இனி காரியத்துக்கு வருவோம். ஜனவரி 15-ஆம் தேதி, பொங்கலை ஒட்டி, தோட்டக்காலில் வாழை நடுவதாக வைத்துக்கொள்வோம். 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 கன்று பிடிக்கும். நேந்திரன், ரொபஸ்டா நீங்கலாக மற்ற ரகங்களுக்குத் தோட்டக்கால் நிலத்தில் மரம் ஒன்றுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பல்சத்து 330 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தழையையும் சாம்பலையும் மூன்று சம பாகமாக்கி 3, 5, 7-ஆம் மாதங்களில் இட வேண்டும். மணிச்சத்து முழுவதையும் 3-ஆம் மாதத்தில் இட்டுவிடலாம். மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி கூட்டிக் குறைக்கவும்.

முதலில் கூகுள் கீப்பில் "வாழை" என்று ஒரு பட்டியல் தொடங்கி, இந்தக் கணக்கை அங்கே எழுதி வைக்கவும். ஒரு தவணைக்கு மரத்துக்கு யூரியா 80 கிராம், மூரியேட் ஆப் பொட்டாஷ் 183 கிராம். 1,210 மரத்துக்கு யூரியா 97 கிலோ, பொட்டாஷ் 222 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ என்பதை மறக்க வேண்டாம். ஆகவே இரண்டு மூட்டையும் மேற்கொண்டு 7 கிலோவும். பொட்டாஷ் 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய நாலரை. 3-ஆம் மாதத்தில் மட்டும் சூப்பர் பாஸ்பேட் மரத்துக்கு 220 கிராம் வீதம் 266 கிலோ சேரும். கடை வாசலில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைப் போட்டால் தப்பு வரும். போனை எடுத்துப் பார்த்துச் சொன்னால் தப்பு வராது.

அடுத்து, நாள்காட்டியைத் திறந்து கூட்டல் குறியை அழுத்தி, ஒவ்வொரு வேலையையும் தேதியுடன் பதிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் மேலுரம், ஜூன் 15 இரண்டாவது, ஆகஸ்ட் 15 மூன்றாவது. இதோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. "ஏப்ரல் 15, உரம்" என்று மணி அடித்தால் என்ன பயன்? அன்று காலை வீட்டில் மூட்டை இல்லை, களை எடுக்கவில்லை, ஆளும் சொல்லவில்லை. மணியை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆகவே பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டு வர வேண்டும். உரம் இட்டவுடன் மண் அணைத்து நீர் பாய்ச்ச வேண்டும். அதற்கு முன் களை போயிருக்க வேண்டும். களைக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு நாலு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். மூட்டை இருப்பு உண்டா என்று பார்க்கப் பத்து நாள் வேண்டும். எனவே ஏப்ரல் 5-ல் "உர இருப்பு பார், பணம் எடு", 8-ல் "களைக்கு ஆள் சொல்", 12-ல் "களை", 15-ல் "உரம், மண் அணைப்பு, தண்ணீர்" என்று நாலு அட்டை கோக்க வேண்டும். ஒரு வேலைக்கு நாலு பதிவா என்று சலிப்படைய வேண்டாம். விளைச்சலைக் காப்பது அந்த முன்னோடிப் பதிவுகள்தாம்.

நினைவூட்டும் நேரத்தை அதிகாலையில் வைக்காமல் முந்தின நாள் மாலை 6 மணிக்கு வைக்கவும். நாளைக்கு யார் எந்தத் தோட்டத்துக்கு என்பது நம் ஊர்களில் மாலையில்தான் முடிவாகிறது. காலையில் மணி அடித்தால், ஆட்கள் ஏற்கெனவே வேறு இடத்துக்கு வண்டி ஏறியிருப்பார்கள்.

இப்படி எழுதும்போது இன்னொரு நன்மையும் உண்டு. ஓராண்டு வேலை கண் முன்னே கிடப்பதால், மோதும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும். மூன்றாவது உரம் ஆகஸ்ட் 15 என்று வருகிறதல்லவா? அது ஆடி மாதக் கடைசி. ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் திரண்டு வரும். வண்டி வாடகை ஏறும், ஆளும் கிடைப்பது அரிது. தவிர, ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை வேறு. ஆகையால் மூட்டையை ஆடி பிறப்பதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்பது ஜனவரியிலேயே தெரிந்துவிடுகிறது. அவ்வாறே 5-ஆம் மாதத்தில் அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் மரத்துக்கு 20 கிராம் வீதம் இடச் சொல்கிறார்கள். நட்டபோது ஒரு தரம், இப்போது மறுதரம். அதே மாதம் ரசாயன உரமும் வருகிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து இடக்கூடாது. பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், சில நாள் இடைவெளி விட்டுத் தேதி மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காற்று. ஜனவரியில் நட்டது செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தார் தள்ளும். தார் கனக்கும் சமயமும் வடகிழக்குப் பருவ மழையும் ஒன்றாக வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, நம் மாவட்டத்தில் வரலாறு காணாத மழையைக் கொட்டிற்று. திருவண்ணாமலை நகரில் மலைச்சரிவே ஏற்பட்டது. புயல் சேதி ரேடியோவில் வந்த பிறகு முட்டுக்கழிக்கு அலைந்தால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை இரட்டிப்பு. எனவே "சவுக்குக் கழிக்கு முன்பணம்" என்பதை ஆகஸ்ட் கடைசியிலேயே பதிந்து வைக்கவும். தார் தள்ளிய மரத்துக்கு உடனுக்குடன் முட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

பக்கக் கன்று எடுப்பது மாதம் ஒரு முறை, இலைப்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது மழைக் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. இவற்றை ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். பதியும் இடத்தில் "திரும்பத் திரும்ப" என்று ஒரு வசதி இருக்கிறது. மாதம் ஒரு முறை என்று குறித்தால் ஆண்டு முழுவதும் தானே வரும். கடைசிச் சீப்பு விரிந்து ஒரு வாரத்தில் பூவை ஒடிப்பது, தார் தள்ளியதிலிருந்து ரகத்துக்கு ஏற்ப 100 முதல் 150 நாளில் வெட்டுக்குப் பார்ப்பது முதலியவற்றை இப்போதே தேதி போட முடியாது. முதல் தார் தலைகாட்டிய அன்று, தோட்டத்தில் நின்றபடியே ஒரு போட்டோ எடுத்து, அன்றைய தேதியிலிருந்து எண்ணிப் பதிந்துகொள்ளவும். அக்டோபர் முதல் தேதி தள்ளிய தார் 100 நாளில் ஜனவரி 9-க்கு வரும். பொங்கல் சந்தைக்கு எத்தனை தார் தேறும் என்பதை வியாபாரியிடம் முன்னதாகப் பேச இது உதவும். தோட்டம் முழுவதற்கும் குத்துமதிப்பாக விலை பேசுகிறவரைவிட, தேதிவாரியாகத் தார் எண்ணிக்கை சொல்லுகிறவரிடம் வியாபாரி சற்று யோசித்தே பேசுவார்.

மழை வந்தால்?

தேதி எழுதி வைத்துவிட்டோமே என்று கொட்டும் மழையில் யூரியா போடக்கூடாது. அடித்துக்கொண்டு போய்விடும். இந்திய வானிலைத் துறையும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட மேகதூத் செயலியில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில் மாவட்ட வாரியாக விவசாய ஆலோசனை வருகிறது. தமிழிலும் படிக்கலாம். வெள்ளி இரவு அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வார வேலைகளில் எதைத் தள்ள வேண்டுமோ அதன் தேதியை மாற்றுங்கள். மாற்றுவதற்குத் தயங்க வேண்டாம், ஆனால் அழித்துவிட வேண்டாம். தள்ளியது பட்டியலில் நின்றுகொண்டே இருக்கும். அழித்தது போயே போய்விடும்.

மரத்தைப் பார்க்காமல் போனை மட்டும் பார்த்து விவசாயம் செய்வதும் ஆகாது. 15-ஆம் தேதி நீர் பாய்ச்ச வேண்டும் என்று பட்டியல் சொல்லலாம். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தால் ஈரம் இருக்கும். அப்போது மண் சொல்வதையே கேட்க வேண்டும்.

மாட்டுக்கும் உண்டு

இந்த முறையால் கண்கூடாக லாபம் தெரிவது கறவை மாட்டில். சினைப் பருவம் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை வரும். ஒன்றைத் தவறவிட்டால் மூன்று வாரத் தீவனம் வீண். மார்ச் 1-ல் சினை ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். அன்றே நாலு பதிவு போட்டுவிடுங்கள். மார்ச் 20 முதல் மூன்று நாலு நாள் "பருவம் திரும்புகிறதா கவனி". மே மாதக் கடைசியில் "சினைப் பரிசோதனை". அக்டோபர் 7-ல் "பால் வற்ற விடு". டிசம்பர் 6-ஐ ஒட்டிக் கன்று. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. மாடு இரண்டானால் பெயர் போட்டு எழுதவும். "சிவப்பி", "லட்சுமி" என்று எழுதியிருந்தால் யார் எடுத்துப் பார்த்தாலும் புரியும்.

நெல்லுக்கும் இவ்வாறே நாற்றங்கால் நாளிலிருந்து எண்ணிப் பதியலாம். குறுகிய காலப் பயிராதலால் பத்துப் பன்னிரண்டு பதிவுக்குள் முடிந்துவிடும்.

பணத்துக்கான தேதிகள்

கடன் தவணைக்கு ஒரே ஒரு நினைவூட்டல் போதாது. என் அனுபவத்தில் மூன்று வேண்டும். ஒரு மாதம் முன்பு, பணம் புரட்டுவதற்கு. ஒரு வாரம் முன்பு, சங்கத்துக்குப் போய்ச் சரியான தொகையைக் கேட்டுவர. முந்தின நாள், கட்டுவதற்கு. நகைக்கடன் மறு அடமானத்துக்கும் இதுவே.

பயிர்க் காப்பீட்டில் இரண்டு விஷயம். ஒன்று, பதிவுக்குக் கடைசித் தேதி. வாழை போன்ற தோட்டப் பயிருக்கு விவசாயி செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதத்துக்கு மேற்படாது. உங்கள் பிர்காவில் உங்கள் பயிர் அறிவிக்கை செய்யப்பட்டுள்ளதா என்பதை வேளாண் அலுவலகத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டு, கடைசித் தேதியை அன்றே போனில் குறித்துவிடவும். இரண்டாவது, 72 மணி நேரம். ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்ற அந்தந்த வயலுக்கு நேரும் சேதத்துக்கும், அறுத்து வயலில் காயப் போட்ட பயிர் மழையில் கெடுவதற்கும், சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. 14447 என்ற எண்ணுக்குப் பேசலாம், அல்லது கிராப் இன்சூரன்ஸ் செயலி வழியே படத்துடன் அனுப்பலாம். வீடு ஒழுகிக்கொண்டிருக்கும்போது இந்தக் கெடு யாருக்கும் நினைவு வராது. ஆகவே எண், பாலிசி விவரம், சர்வே எண் இவற்றைக் கீப்பில் "சேதம் வந்தால்" என்ற தலைப்பில் இன்றைக்கே எழுதி வைக்கவும். பயிர் நன்றாக இருக்கும்போதே மாதம் ஒரு போட்டோ எடுத்து வைப்பது, சேதத்துக்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட உதவும்.

செலவையும் விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு வேலையையும் "முடிந்தது" என்று குறிக்கும்போது அதன் அடியில் ஆள் எத்தனை, கூலி எவ்வளவு, டீச்செலவு எவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கவும். ஒரு தாருக்கு உண்மையில் நமக்கு என்ன அடக்கம் என்பது, பயிர் முடியும்போது நம்மில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

போன் யார் கையில்?

இது சற்றுச் சங்கடமான விஷயம். வயலில் களை எடுப்பவரும் மாட்டைப் பார்ப்பவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். மணி அடிக்கும் போனோ, ஆரணிக்கோ வேலூருக்கோ போன ஆண்பிள்ளையின் பையில் இருக்கிறது. சிவப்பிக்குப் பருவம் திரும்பியதை முதலில் பார்க்கிறவருக்குச் சேதி வராமல், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வந்து என்ன பிரயோசனம்? கீப்பில் உள்ள பட்டியலை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளும் வசதி உண்டு. ஆள் படத்தில் கூட்டல் குறி போட்ட சின்னத்தை அழுத்தி, அவருடைய ஈமெயில் முகவரியைச் சேர்த்தால், ஒருவர் டிக் போட்டது மற்றவர் போனிலும் தெரியும். மனைவியிடமும் ஸ்மார்ட்போன் இருந்தால் இதைக் கட்டாயம் செய்யவும். பட்டன் போன் மட்டும்தான் என்றால் அதிலும் அலாரம் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால், வெள்ளி இரவு அடுத்த வாரப் பட்டியலைப் பார்த்து ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டி வைக்கவும்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் முதல் ஒரு தடவை சொல்லிப் போட்டுக்கொள்ளலாம். "அப்பா, இதுகூடத் தெரியாதா" என்பார்கள். இருக்கட்டும். ஆனால் தேதியை நீங்களே சொல்லி, நீங்களே பதிய வேண்டும். பிள்ளை போட்டுக்கொடுத்த பட்டியல் பிள்ளை விடுதிக்குப் போனதும் நின்றுவிடும்.

உழவன் செயலி

2018 ஏப்ரல் 5-ல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியையும் மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். மானியத் திட்டங்கள், இடுபொருள் முன்பதிவு, அருகிலுள்ள கடைகளில் உர இருப்பு, விதை இருப்பு, வாடகை இயந்திரம், சந்தை விலை, பயிர்க் காப்பீடு, உதவி வேளாண் அலுவலர் வருகை முதலிய விவரங்கள் அதில் தமிழில் உண்டு. உர இருப்பைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினால் வீண் நடை மிச்சம். ஆனால் உங்கள் வாழை எப்போது நட்டது என்பது அதற்குத் தெரியாது. நம் சொந்தப் பட்டியல் நாம்தான் எழுத வேண்டும். மூன்று நான்கு செயலிக்கு மேல் வேண்டாம். நாள் முழுவதும் டிங், டிங் என்று அடித்துக்கொண்டிருந்தால் நாலாம் நாளே காது பழகிப்போய், உண்மையான மணியும் கேட்காமல் போகும். தேவையற்ற செயலிகளின் அறிவிப்பை நிறுத்திவிடவும்.

சில எச்சரிக்கைகள்

போன் வாங்கும்போது கடைக்காரர் ஏதோ ஓர் ஈமெயில் உண்டாக்கிக் கொடுத்திருப்பார். அதன் பெயரும் கடவுச்சொல்லும் நமக்குத் தெரியாது. போன் கிணற்றில் விழுந்தால் ஓராண்டுப் பதிவும் அதோடு போயிற்று. கணக்கு நம் பெயரில், கடவுச்சொல் நம் கையில் இருந்தால், புதுப் போனில் அதே கணக்கைப் போட்டவுடன் பட்டியல் முழுதும் திரும்ப வந்துவிடும். அதைக் காகிதத்தில் எழுதிப் பட்டா வைத்திருக்கும் பெட்டியில் வைக்கவும்.

செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்கவும். பி.எம். கிசான் பெயரிலும் வங்கி பெயரிலும் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்புகள் வருகின்றன. தொட்டால் வங்கிப் பணத்துக்கு ஆபத்து. ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லக்கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசவும்.

முதல் வாரத்தில் மூன்று பதிவு போதும். கடன் தவணை ஒன்று, மாட்டுக்கு ஒன்று, வாழைக்கு அடுத்து வரும் உரம் ஒன்று. அவை மூன்றும் சரியாக மணி அடித்து வேலை முடிந்த பிறகு மற்றவற்றைச் சேர்க்கவும். பயிர் பற்றிய சந்தேகங்களுக்குக் கிசான் கால் சென்டர் 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றிக் காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். இந்த எண்ணையும் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளவும்.